நோட்டு மேலே, காசு கீழே

ஷாஸ்லி பங்கு பிரித்தால் ஒரு காசு குறையாது என்பார்கள். லக்ஸருக்கும் அஸ்வானுக்கும் நடுவே நைலில் ஓடுகிற எந்தச் சுற்றுலாக் கப்பலில் போய்க் கேட்டாலும், அவரைப் பிடிக்காதவர்கள்கூட அதை மறுக்க மாட்டார்கள். ‘வர்தா’ என்கிற கப்பலில் அவர் இருபத்தாறு வருடமாக அறைப் பணியாளர். இரண்டாம் தளத்தில் பதினான்கு அறைகள் அவர் பொறுப்பு. படுக்கை விரிப்பார், குளியலறை கழுவுவார், துண்டை முறுக்கி முதலை செய்து கட்டிலில் உட்கார வைத்து, அதன் மூக்கில் விருந்தாளியின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிடுவார். விருந்தாளிகள் அதைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்புவார்கள். முதலையைச் செய்தவரை யாரும் படம் பிடித்ததில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததில்லை.

ஐந்து நாளைக்கு ஒருமுறை, அஸ்வானில் விருந்தாளிகள் இறங்கிப் போன பிறகு, வரவேற்பறையில் இருக்கும் டிப்ஸ் பெட்டியைச் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தூக்கி வருவார்கள். நாற்பத்திரண்டு பேர் கூடுவார்கள். சாவி ஷாஸ்லியிடம் இருக்கும். அவர் ‘பிஸ்மில்லா’ என்று சொல்லித் திறப்பார். எங்கள் எகிப்துப் பவுண்டு, அமெரிக்க டாலர், ஐரோப்பாக்காரர்களின் யூரோ எல்லாம் கலந்து கொட்டும். அவர் உட்கார்ந்து ரகம் பிரிப்பார். அப்புறம் பங்கு. அந்தப் பங்குக்கு ஒரு முறை உண்டு. ஷாஸ்லியே பதினெட்டு வருடத்துக்கு முன்னால் போட்ட முறை அது. நோட்டு மேலே, காசு கீழே.

மேல் தளங்களில் விருந்தாளிகள் கண்முன் நடமாடுகிறவர்களுக்கு நோட்டு. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, சலவை அறையிலும் இயந்திர அறையிலும் பாத்திரம் கழுவுகிற இடத்திலும் இருப்பவர்களுக்கு நாணயம். பரிமாறுகிறவன் சட்டைப் பையில் காசு குலுங்க நடந்தால் நன்றாக இருக்குமா என்பது அவர் சொன்ன காரணம். கீழே இருப்பவன் பையில் எது குலுங்கினால் என்ன, அந்த இயந்திரச் சத்தத்தில் யார் காதில் விழப்போகிறது? எல்லாரும் சிரித்து ஒப்புக்கொண்டார்கள். மதிப்பு ஒன்றுதானே. மேலே இருப்பவனுக்குப் பத்து யூரோ நோட்டு என்றால் கீழே இருப்பவனுக்குப் பத்து யூரோவுக்கு நாணயங்கள். அதில் ஒரு காசு குறைந்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. எங்கள் ஊர் வங்கிகள் வெளிநாட்டு நோட்டை வாங்கும், வெளிநாட்டு நாணயத்தைத் தொடாது. யூரோவில் ஐந்துக்குக் கீழே நோட்டும் கிடையாது. ஒன்றும் இரண்டும் நாணயம்தான். கை நிறைய இருக்கும், கடைக்குப் போனால் வெயிலில் உப்பவைத்துச் சுடுகிற எங்கள் ஊர் ரொட்டி ஒன்றுகூட வாங்க முடியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எல்லாக் கரையிலும் உண்மைதான்.

இதற்கும் ஷாஸ்லி ஒரு வழி வைத்திருந்தார். கீழே இருப்பவர்களுடைய நாணயங்களை வாங்கிக்கொண்டு மேலே போவார். புதிதாக ஏறிய விருந்தாளியிடம், கைக்குட்டையை விரித்து, “மேடம், தயவுசெஞ்சு, இது இருபது யூரோ, ஒரு நோட்டு கொடுக்க முடியுமா?” என்பார். ஊருக்குப் போனால் அவர்களுக்கு அது செல்லுகிற காசுதானே, கொடுத்துவிடுவார்கள். நோட்டைக் கீழே கொண்டுவந்து உரியவன் கையில் வைப்பார். கூலி வாங்க மாட்டார். கீழே அவருக்கு ஒரு மரியாதை இருந்தது என்றால் இதனால்தான். அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விருந்தாளிகள் கெட்டவர்கள் இல்லை. வந்த முதல் நாளே கேட்கிறவர்கள் உண்டு. “உங்களுக்கு எந்த நாட்டுப் பணத்தில் கொடுத்தால் வசதி?” எளிமையான கேள்வி. பதிலும் எளிமையானது. ஆனால் அந்தப் பதிலை எங்கள் ஆற்றில் யாரும் சொல்வதில்லை. ஷாஸ்லியும் நெஞ்சில் கை வைத்து, தலை சாய்த்து, “உங்க கையால எது வந்தாலும் சந்தோஷம்” என்பார்.

இது அவர் அப்பா வழி வந்த பழக்கம். அப்பா எட்ஃபுவில் குதிரை வண்டி ஓட்டியவர். சவாரி முடிந்து ஒருவர் எவ்வளவு என்று கேட்டால், “நமக்குள்ள என்ன, இருக்கட்டும்” என்பார். இறங்கினவர் மறுபடி கேட்பார். “இருக்கட்டும் விடுங்க.” மூன்றாம் தரம் அவர் சத்தியம் செய்து கையில் திணிப்பார். அப்புறம்தான் வாங்குவது. இன்றைக்கும் எங்கள் பக்கம் டீக்கடையில்கூட அப்படித்தான். எவ்வளவு வேண்டும் என்று முதல் கேள்விக்கே வாயைத் திறப்பவன் பிச்சைக்காரன். ஆனால் அந்த ஆட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும். வெளியூர்க்காரருக்கு இரண்டாம் தரம் கேட்கத் தெரியாது. எது வந்தாலும் சந்தோஷம் என்று சொன்னால், நம்பிவிடுவார்.

அப்படி நம்பியவர்களில் ஒருவர் கெர்லிண்டே என்கிற ஜெர்மன்கார அம்மாள். காஸல் என்கிற ஊரில் ரொட்டிக்கடை வைத்திருந்தார். கணவர் இறந்தபின் வருடம் தவறாமல் ஜனவரியில் ‘வர்தா’வில் வருவார், அதே 207-ஆம் அறைக்கு. மக்காவுக்குப் போகிற மாதிரி வருகிறார் என்று சொல்லி, கப்பலில் எல்லாரும் அவரை ஹாஜியம்மா என்றே கூப்பிட்டார்கள். அவருக்கும் அது பிடித்துப்போயிற்று. அவரும் வருடா வருடம் அதே கேள்வியைக் கேட்பார், ஷாஸ்லியும் நெஞ்சில் கை வைப்பார். கடைசி நாள் பெட்டிக்குள் ஒரு துணிப்பை நிறைய இரண்டு யூரோ நாணயங்கள் விழும். அது கனமான பை. ஷாஸ்லி அதைப் பிரித்து, முறைப்படி, கீழே அனுப்பிவிடுவார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு யாரோ ஒரு விருந்தாளி, கப்பல் ஆட்கள் காசை மாற்றித் தரச் சொல்லித் தொந்தரவு செய்கிறார்கள் என்று இணையத்தில் எழுதிப் போட்டுவிட்டார். மேலாளர் பணியாளர் கதவில் ஒரு தாள் ஒட்டினார். விருந்தாளியிடம் நாணயம் மாற்றக் கேட்பவன் அடுத்த கரையில் இறக்கிவிடப்படுவான். ஷாஸ்லி அதைப் படித்தார். அவருக்கு நாலு பிள்ளைகள். மூத்தவளுக்குக் கல்யாணம் பேசியிருந்தது, பெண் வீட்டுச் சீரில் குளிர்ப்பெட்டியும் அடுப்பும் அவர் பாக்கி. கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டார். முறையை மட்டும் மாற்றவில்லை. நோட்டு மேலேயும் காசு கீழேயும் போய்க்கொண்டே இருந்தன. மேலே கொண்டுபோய் மாற்றித்தர ஆள்தான் இல்லை.

கீழே சலவை அறையில் வஹ்பா இருந்தான். நகாதா பக்கத்துக் கிறிஸ்தவன். நாற்பத்தாறு வயது. கப்பலின் விரிப்பு, துண்டு, மேசைத்துணி எல்லாம் அவன் கையால் வெளுத்து, அவன் இஸ்திரியால் நிமிர்ந்து மேலே போகும். ஷாஸ்லியின் முதலைகள் நிமிர்ந்து நின்றதே வஹ்பா போட்ட கஞ்சியால்தான். இருவரும் பத்தொன்பது வருடச் சிநேகிதம். ரமலான் வந்தால் வஹ்பா ஷாஸ்லியின் எதிரில் டீ குடிக்க மாட்டான், கேலி மட்டும் செய்வான்.

“உங்களுக்கு முப்பது நாள் நோன்பு அண்ணே. எங்களுக்கு வருஷத்துல பாதி நாள் நோன்பு. ஆனா பாருங்க, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையறது நீங்கதான்.”

“உங்க நோன்புல மொச்சையும் எண்ணெயும் வயிறு முட்டத் திங்கலாமே. அதுக்குப் பேரு நோன்பாடா?”

“மொச்சைய நாப்பது நாள் தொடர்ந்து தின்னு பாருங்க. அப்பத் தெரியும் எது தவம்னு.”

அந்த வஹ்பாவுக்கு நவம்பரில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஈர விரிப்புக் கூடையைத் தூக்கினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். லக்ஸரில் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரத்தக் குழாய் இரண்டு அடைத்திருக்கிறது, குழாய்க்குள் ஸ்டென்ட் என்கிற வலை வைத்துத் திறக்க வேண்டும், தள்ளிப்போடாதே என்றார். அரசு ஆஸ்பத்திரியில் வரிசை ஏப்ரலுக்குப் பிறகு. தனியாரில் உடனே செய்வார்கள், அறுபதாயிரம் பவுண்டு முன்பணம், எங்கள் ஊர் நோட்டாகக் கட்ட வேண்டும்.

வஹ்பா ஷாஸ்லியைச் சலவை அறைக்குக் கூப்பிட்டு, இஸ்திரி மேசைக்கு அடியிலிருந்து ஒரு நெய் டின்னை இழுத்தான். ஒரு கையால் தூக்க முடியவில்லை. இரண்டு வருடத்துப் பங்கு. அத்தனையும் நாணயம்.

“ஆயிரத்து நூறு யூரோவுக்கு மேல இருக்கு அண்ணே. கணக்குப் போட்டா அறுபதாயிரத்தத் தாண்டுது. எனக்கு யாரும் கடன் கொடுக்க வேணாம். என் காசு இருக்கு.”

“பஜார்ல மாத்தறவன்கிட்டக் கேட்டியா?”

“கேட்டேன். பாதிக்கும் கம்மியாத் தரேங்கறான். தராசுல போட்டு நிறுத்துப் பாக்கறான் அண்ணே, பழைய இரும்பு மாதிரி.” அவன் சிரித்தான். சிரித்தாலும் இருமல் வந்தது. “நீங்க முன்ன மாதிரி மேல கொண்டுபோய் மாத்திக் கொடுங்க. நாலு தடவ போனா முடிஞ்சுடும்.”

ஷாஸ்லி கதவில் ஒட்டிய தாளை நினைத்தார். “தாள் ஒட்டியிருக்கானே, பாத்தியா?”

“பாத்தேன்.”

“இப்ப இறக்கி விட்டான்னா என் பொண்ணு கல்யாணம் நிக்கும் வஹ்பா.”

“தெரியும் அண்ணே. அதான் கேக்கவே கூச்சமா இருந்துச்சு.”

தலைமைப் பரிமாறுபவன் மித்ஹத்திடம் ஷாஸ்லி கேட்டுப் பார்த்தார். “உன்கிட்ட நோட்டு இருக்குமே, வஹ்பா காச வாங்கிக்கிட்டுக் கொடேன்” என்றார். “வாங்கி நான் என்ன பண்றது? குலுக்கி வாசிக்கவா?” என்றான் மித்ஹத். ஷாஸ்லியிடமே நோட்டு இருந்தது. வஹ்பாவுக்கு வேண்டியதில் பாதியாவது தேறும். அதை அந்த வாரம்தான் குளிர்ப்பெட்டிக் கடையில் கட்டினார். பெண்ணின் சீர், பேசிய பேச்சு, சம்பந்தி முகம் என்று அவரிடம் காரணங்கள் இருந்தன. எல்லாம் நியாயமான காரணங்கள்தான். இன்றுவரை அவற்றை அவரால் வாய்விட்டுச் சொல்ல முடிவதில்லை.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஜனவரி பதினாலாம் தேதி ஹாஜியம்மா வருகிறார். அவரிடம் கேட்டால் மொத்தத்தையும் மாற்றிக் கொடுப்பார், யாரிடமும் சொல்ல மாட்டார். யாருக்கும் ஆபத்தில்லை. ஐந்து வாரம் பொறுத்தால் போதும்.

“ஹாஜியம்மாவா? நல்லதாப் போச்சு. அந்த அம்மா விரிப்புல ஒரு கறைகூட இருக்காது. நல்ல மனுஷி,” என்றான் வஹ்பா. அவனுக்கு விருந்தாளிகளை விரிப்பை வைத்துத்தான் தெரியும். ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. “ஐஞ்சு வாரம்தானே. பொறுத்துக்கறேன் அண்ணே.”

பொறுத்தான். ஷாஸ்லி அவனைக் கூடை தூக்க விடாமல், தன் இடைவேளையில் கீழே போய்த் தூக்கிக் கொடுத்தார். எத்தனை நாள் இருக்கிறது என்று இருவரும் எண்ணிக்கொண்டார்கள். இருபது, பதினேழு, பதினைந்து.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழு. அதற்கு நாலு நாள் இருந்தது. கப்பலை நீர்மட்டம் மாற்றி விடுகிற எஸ்னா மதகில் கப்பல்கள் வரிசையாகக் காத்து நின்றன. அங்கே எப்போதும் ஒரு வேடிக்கை. சின்னப் படகில் வியாபாரிகள் வந்து சுற்றிக்கொண்டு, மேசைவிரிப்பையும் அங்கியையும் பைக்குள் சுருட்டி மேல் தளத்துக்கு வீசுவார்கள். விருந்தாளிகள் பேரம் பேசி, அதே பைக்குள் பணம் வைத்துக் கீழே வீசுவார்கள். தண்ணீரில் விழுந்தால் ஒரே சிரிப்பு. நண்பகல் வெயில், மேலே கைதட்டல். ஷாஸ்லி துண்டுகள் வாங்கக் கீழே போனார். இஸ்திரி மேசையில் ஒரு விரிப்பு பாதி நிமிர்ந்து பாதி சுருங்கிக் கிடந்தது. இஸ்திரியை ஒழுங்காக நிமிர்த்தி வைத்துவிட்டு, பக்கத்துத் துணி மூட்டையில் சாய்ந்து வஹ்பா உட்கார்ந்திருந்தான். தூங்குகிறான் என்றுதான் ஷாஸ்லி நினைத்தார். தோளைத் தொட்டார். அப்புறம் கைகளைப் பிடித்துப் பார்த்தார். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த கைகள், இன்னும் சூடு இருந்தது. அவர் கூப்பிட்ட சத்தம் இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாளே நகாதாவில் அடக்கம். தேவாலயத்தில் ஷாஸ்லி கடைசி வரிசையில் தலைகுனிந்து நின்றார். சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது, அதனால் அழுவதற்கு வசதியாக இருந்தது. வஹ்பாவின் மனைவி ஷஃபீக்காவுக்குப் பக்கத்தில் இரண்டு பெண் பிள்ளைகள் நின்றார்கள். டின்னைப் பற்றி அன்று அவர் பேசவில்லை. அந்தச் செல்லாத பாரத்தை அவள் தலையில் ஏற்ற மனம் வரவில்லை. நோட்டாக மாற்றிக் கொண்டுவந்து கொடுப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கப்பலுக்குத் திரும்பினார்.

வஹ்பா போன பதினோராம் நாள் ஹாஜியம்மா ஏறினார். ஷாஸ்லியைப் பார்த்ததும், “என்ன, இளைச்சுட்டீங்க?” என்றார். ஷாஸ்லிக்கு ஓரளவு ஜெர்மன் வரும். நோன்பு என்று ஒரு பொய் சொன்னார். முதல் நாளே டின்னை எடுத்துக்கொண்டு 207-க்குப் போவதாக இருந்தார். எடுத்தார், மாடிப்படி வரை போனார், திரும்பினார். இரண்டாம் நாளும் அப்படியே. இனி என்ன அவசரம், யாருக்காக அவசரம் என்று தோன்றிக் கால் எழவில்லை. நாலு நாள் ஓடிவிட்டது. கப்பல் அஸ்வானில் கட்டியாயிற்று.

கடைசிநாள் பிற்பகல் ஹாஜியம்மாவே மணியடித்துக் கூப்பிட்டார். கட்டிலில் ஒரு துணிப்பை இருந்தது, வழக்கத்தைவிடப் பெரியது.

“இந்த வருஷம் கடை நல்லா ஓடுச்சு ஷாஸ்லி. தெனமும் கடைய மூடும்போது ரெண்டு யூரோக் காசாப் பொறுக்கித் தனியா வெச்சேன். நீங்க நாப்பது பேரு. பெரிய நோட்டாக் கொடுத்தா எப்படிப் பிரிப்பீங்க? காசா இருந்தா ஆளுக்கு இவ்வளவுன்னு சுலபமாப் பிரிச்சுக்கலாம்ல?” அவர் முகம் மலர்ந்திருந்தது. வருடம் முழுக்கச் சேர்த்த சந்தோஷம். “என்ன, சரிதானே? இல்ல, வேற எந்தப் பணமாவது உங்களுக்கு வசதியா?”

ஷாஸ்லியின் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. இருபத்தாறு வருடப் பழக்கம் வாய் வரை வந்தது. அங்கேயே நின்றது.

“நோட்டு, ஹாஜியம்மா,” என்றார். “எங்க ஊரு பவுண்டு நோட்டா இருந்தா ரொம்ப நல்லது. இல்லன்னா உங்க ஊரு நோட்டு. காசு வேண்டாம். இந்த ஊர்ல அது செல்லாது.”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். “இப்பலேர்ந்தா?”

“எப்பவுமே.”

“ஒம்பது வருஷமா நான் கேட்டேனே.”

“கேட்டீங்க.”

“எது கொடுத்தாலும் சந்தோஷம்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“அப்ப நான் கொடுத்ததெல்லாம் என்ன ஆச்சு?”

ஷாஸ்லி வெளியே போய் அந்த நெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். தரையில் வைத்து மூடியைத் திறந்தார். அம்மாள் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். பாதிக்கு மேல் முதுகில் கழுகு போட்ட காசு, ஜெர்மன் காசு. நிறைய அவர் கடைக் கல்லாவிலிருந்தே வந்தவை.

“யாரோட டின்னு இது?”

“வஹ்பான்னு ஒருத்தன். கீழ துணி வெளுப்பான். உங்க விரிப்பெல்லாம் அவன்தான். நெஞ்சு வலி. ஆஸ்பத்திரில நோட்டாக் கட்டச் சொன்னாங்க. நீங்க வந்ததும் மாத்திக்கலாம்னு நான்தான் இருக்கச் சொன்னேன்.”

“இப்ப எங்க இருக்காரு?”

“நீங்க வர்றதுக்குப் பதினோரு நாள் முன்னால போயிட்டான்.”

அம்மாள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த காசுகளை டின்னுக்குள் போடாமல் வெகு நேரம் அப்படியே வைத்திருந்தார். “எனக்கு ஆத்திரமா வருது ஷாஸ்லி,” என்றார். “உங்க மேலயா என் மேலயான்னு தெரியல. ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மொத வருஷமே நோட்டாக் கொண்டு வந்திருப்பேனே. எனக்கு ரெண்டும் ஒண்ணுதானே.”

ஆம். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே ஒரு வார்த்தைதான். அடுத்தவன் காசை மாற்றித் தரச் சொல்லிக் கைக்குட்டை விரித்த மனுஷன், காசு வேண்டாம் என்று சொல்ல மட்டும் வெட்கப்பட்டார். கௌரவம் அவருடையது. அதற்காகக் காத்துக் கிடந்து உயிரை விட்டது கீழே இருந்த ஒருவன்.

அன்று மாலைக்குள் அந்த அம்மாள் கரைக்குப் போய், மூன்று வங்கி இயந்திரங்களில் நின்று எடுத்து வந்தார். டின்னில் இருந்ததற்கு ஈடாக எங்கள் ஊர் நோட்டு, அதற்கு மேல் தன் பங்காகவும் நோட்டு. டின்னும் துணிப்பையுமாக அத்தனை நாணயத்தையும் திருப்பி எடுத்துக்கொண்டார். விமானத்தில் எடை கூடும் என்று தன் உடுப்புகளில் பாதியை அறையில் விட்டுவிட்டுப் போனார். போகும்போது மேலாளரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. மேலாளர் ஷாஸ்லியைக் கூப்பிட்டுக் கத்தினார், ஆனால் இறக்கிவிடவில்லை. இறக்கிவிட்டிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும் என்று ஷாஸ்லி அப்புறம் தன் மனைவியிடம் சொன்னார்.

மறுநாள் பங்கு பிரித்தார்கள். பெட்டியைத் திறந்ததும் ஷாஸ்லி ஒவ்வொரு பங்கிலும் கொஞ்சம் நோட்டும் கொஞ்சம் காசுமாக வைக்க ஆரம்பித்தார். மேலே கீழே பார்க்கவில்லை. மித்ஹத் தன் முன்னால் விழுந்த நாணயங்களை விரலால் தள்ளினான்.

“இது என்ன புதுசா? பதினெட்டு வருஷமா நடக்கற முறை.”

“நான் போட்ட முறைதானே. நானே எடுத்துடறேன்.”

“இத வெச்சு நான் என்ன பண்றதுன்னு சொல்லுங்க.”

“வஹ்பாவும் அதத்தான் கேட்டான். உனக்காவது ஒரு வழி இருக்கு. மேசையில சாப்பிட வர்றவங்க உன்ன எப்படி டிப்ஸ் கொடுக்கறதுன்னு கேப்பாங்க. கேக்கும்போது வாயத் தொறந்து சொல்லு, நோட்டுன்னு.”

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. மேசையின் கடைசியில், வஹ்பா வழக்கமாக நிற்கிற இடத்தில் இடம் விட்டே எல்லாரும் நின்றிருந்தார்கள். மித்ஹத் காசுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

நாற்பதாம் நாள் பூசைக்கு ஷாஸ்லி நகாதாவுக்குப் போனார். பூசை முடிந்து கூட்டம் கலைந்தபின் ஷஃபீக்கா துக்க வீட்டுக்குரிய சர்க்கரையில்லாத காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் அங்கியின் உள்பையிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தார்.

“வஹ்பா சேத்து வெச்சது, தங்கச்சி. காசா இருந்துச்சு. நோட்டா மாத்திட்டேன். அறுபத்தி மூவாயிரம் இருக்கு.”

அவள் உறையை மடியில் வைத்துக்கொண்டாள். “ஆஸ்பத்திரிக்கு வேண்டியிருந்தது இதுதானா?”

“இதுதான்.”

“முன்னாடியே மாத்தியிருக்க முடியாதா அண்ணே?”

அவள் குற்றமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தாள் ஒட்டியிருந்ததைச் சொல்லலாம். பெண்ணின் கல்யாணத்தைச் சொல்லலாம். பஜார்க்காரன் தராசைச் சொல்லலாம்.

“முடிஞ்சிருக்கும்,” என்றார் ஷாஸ்லி. “நான் கேக்கல.”

சுவரில் வஹ்பாவின் படத்துக்குக் கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே சின்னவள் கோழிகளை விரட்டுகிற சத்தம் கேட்டது. ஷாஸ்லி காப்பியைக் குடித்தார். கசப்பை முழுதாகக் குடித்து முடித்துவிட்டு, பங்கு கொடுக்கும்போது சொல்லி வாய்க்குப் பழகிப்போன வார்த்தையைச் சொன்னார்.

“எண்ணிப் பாத்துக்கோ, தங்கச்சி.”

“எதுக்கு?” என்றாள் அவள். “நீங்க பிரிச்சா ஒரு காசு குறையாதுன்னு அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு.”

அவள் எண்ணாமலே எழுந்துபோய் உறையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.